பதினெட்டு நடக்குது

காற்சட்டையைக் கழற்றித் தாங்கோ தம்பி. வெட்கப்படாதேங்கோ. அந்தச் சீலைக்குப் பின்னால் சாரம் ஒன்று தொங்குகிறது, தோய்த்ததுதான், கட்டிக்கொண்டு வந்து இந்த வாங்கில் இருங்கோ. பஸ்ஸில்தானே கிழிந்தது? நீல பஸ், பின் சீற், கதவுப் பக்கம். எனக்குத் தெரியும். அதில் ஒரு தகரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தகரத்தின் புண்ணியத்தில் கிழமைக்கு ஒரு கிழிசலாவது இந்தக் கடைக்கு வரும். அதை நிமிர்த்தச் சொல்லி ஆரும் றைவரிடம் சொன்னால் முதலில் கோபிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நல்ல நீளத்துக்குத்தான் கிழித்திருக்கிறது. அடியிலிருந்து முழங்கால் வரைக்கும். பொறுங்கோ, தைக்கலாம். ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்பட்டாலும் உங்களால் போக ஏலாது, காற்சட்டை என்ரை கையில்.

உங்களுக்கு என்ன வயது?

முப்பத்திரண்டோ. முடிந்ததோ, நடக்கிறதோ?

பார்த்தியளோ, முழிக்கிறியள். முப்பத்திரண்டு என்றால் முப்பத்திரண்டுதானே, அதில் என்ன முடிந்ததும் நடக்கிறதும் என்று நினைக்கிறியள். கொழும்பில் வளர்ந்த ஆளோ? அதுதான். முடிந்ததென்றால் உங்களுக்கு இப்போது முப்பத்திமூன்று நடக்கிறது. எங்கட ஆக்கள் நடக்கிறதைத்தான் சொல்லுவோம். பிள்ளை பிறந்த அன்றைக்கே அதற்கு ஒன்று நடக்கத் தொடங்கிவிடும். ஒரு வருஷம் முடிந்தால் இரண்டு நடக்கிறது. என்ரை அம்மா சொல்லுவா: "முடிஞ்ச வயசு செத்தவைக்கு. உயிரோட இருக்கிறவைக்கு நடக்கிற வயசு." சரியான கதைதானே? உயிரோடு இருக்கிற மனிசருக்கு எது முடிந்தது? ஒன்றும் முடியவில்லையே.

இந்த ஒரு சொல்லாலேதான் என்ரை பிள்ளை போனவள்.

என்னால் இல்லை. பிழையாக விளங்கிக்கொள்ளாதேங்கோ. அந்த மொழிபெயர்த்த பெடியனால். அன்ரன் றெஜினோல்ட். பெயரை நான் மறக்கவில்லை. கண்ணாடி போட்டவன், நல்ல இஸ்திரி போட்ட சேட், கழுத்துப் பட்டி மட்டும் பிழையாக வெட்டியிருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதலில் இருந்து சொல்லுறேன். அந்த வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி இருங்கோ.

அது சமாதான காலம். அப்படித்தான் அதற்குப் பெயர். சண்டை நின்றிருந்தது, பாதை திறந்திருந்தது, யாழ்ப்பாணத்தில் இருந்து ஐஸ்கிரீம் கூட வந்தது. இந்தப் பக்கம் முழுக்க இயக்கத்தின் கையில். கடை இதே சந்தியில்தான், அப்போது ஓலைக் கூரை. தை பிறந்தால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, மற்ற மாதங்களில் கல்யாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு. அதோடு இயக்கத்தின் வரிச் சீருடை. அவர்களுக்குத் தனியாகத் தையல் பகுதி இருந்தது, ஆனால் வேலை தாங்கேலாமல் போனால் மூட்டையாகக் கட்டி எங்களிடம் தருவார்கள். அளவு சொல்லுவார்கள். வெட்டித் தைத்துக் கொடுப்பேன்.

சின்ன அளவுகள் கனக்க வரும். ஒரு தடவை மூட்டையை அவிழ்த்துவிட்டு அதைக் கொண்டுவந்த இயக்கப் பொறுப்பாளரிடம் பகிடியாகக் கேட்டேன், "என்ன தம்பி, இது பள்ளிக்கூட யூனிபோம் அளவெல்லோ?" என்று. கதிரொளி என்று பெயர், நல்ல உயரமான ஆள். அவர் சிரித்தார். பிறகு தைத்த சட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனண்ணை கையிலை இவ்வளவு துணியை உள்ளுக்கு மடிச்சு வைச்சிருக்கிறியள்? வீணெல்லோ?" என்றார்.

"வளர்ற பிள்ளையள் தம்பி," என்றேன். "அடுத்த வருசம் இறக்கி விடலாம்."

அதற்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். தாய்மார் எல்லாரும் அப்படித்தானே கேட்பினம், "வளர்ற பிள்ளை அண்ணை, இரண்டு அங்குலம் மடிச்சு விடுங்கோ" என்று. கை பழகிவிட்டது. நான் தையல்காரன். அளவு கேட்பேன். வயது கேட்கிறது என்ரை வேலை இல்லை.

என்ரை மகளின் பெயர் சுகிர்தா. ஒரே பிள்ளை. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள், வர்த்தகம். வாய் என்றால் வாய். அவளுக்கு இடது தோள்பட்டை கொஞ்சம் பதிவு, வலதைவிடக் கீழே நிற்கும். பிறந்ததில் இருந்தே அப்படி. நோயில்லை, ஒன்றுமில்லை. ஆனால் மற்றத் தையல்காரன் தைத்தால் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் இடது தோளை அரை அங்குலம் இறக்கித் தைப்பேன். அந்த அரை அங்குலம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும்தான், ஆனால் எவ்வளவு என்று தெரியாது.

என்ரை இந்த வயதுக் கணக்கில் அவளுக்குச் சரியான கோபம். ஆரும் கடைக்கு வந்து "மகளுக்கு என்ன வயசண்ணை?" என்றால் நான் பதினெட்டு என்பேன். உள்ளே இருந்து சத்தம் போடுவாள்.

"பதினேழு! எனக்குப் பதினேழுதான். ஏனப்பா எல்லாரிட்டையும் ஒரு வயசைக் கூட்டிச் சொல்லுறியள்? கலியாணம் பேசுறியளோ?"

"உனக்கு விளங்காது. நடக்கிறதைத்தான் சொல்லுறது."

"அப்ப கடைக்கு வாற ஆக்களிட்டை முடிஞ்ச சட்டையையும் நடக்கிற சட்டையெண்டு குடுங்கோ பாப்பம்."

பார்த்தியளோ வாயை? தைக்கிறவனுக்கு அந்தக் கதை சுடும். ஆனால் சிரிப்பும் வந்தது. அவள் அப்படி ஏதாவது சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மாசி மாதம் ஒரு நாள் ரியூசனுக்குப் போனவள் வரவில்லை. அந்தக் குளத்துக் கட்டால் ஓடிப்போய்ப் பார்த்தேன். மதகடியில் சைக்கிள் நிற்கிறது. பூட்டி நிற்கிறது. ஒரு வாகனம் வந்ததாம், கூட்டம் ஒன்றுக்கு வரச் சொல்லி நாலைந்து பிள்ளைகளை ஏற்றினதாம். வயல்காரர் கண்டவை. என்ரை பிள்ளை சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறியிருக்கிறாள். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைக்கிற ஆள்தானே தம்பி பூட்டும்? பூட்டுத் திறப்பு அவளிடம். நான் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் கண்டவன் எல்லாம், "என்னண்ணை, சைக்கிள் உங்களிலை ஏறிப் போகுது?" என்று பகிடி விட்டான். அவனுக்குத் தெரியாதுதானே.

முகாம் வாசலுக்குப் போனோம். நானும் மனிசி தங்கேசும். வாசலில் நின்ற பிள்ளை, அதுவும் ஒரு பிள்ளைதான், "அவை தாங்களா விரும்பி இணைஞ்சவை, போங்கோம்மா" என்றது. மனப்பாடம் செய்த மாதிரி. தங்கேஸ் அந்த மண்ணில் இருந்துவிட்டாள். "விரும்பி வந்தவள் ஏன் பிள்ளை சைக்கிளைப் பூட்டினவள்?" என்று கேட்டாள். அதற்கு அந்தப் பிள்ளையிடம் மனப்பாடம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டது.

அப்போதுதான் ஆரோ தங்கேசுக்குச் சொல்லியிருக்கினம், நகரத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது, வெளிநாட்டு ஆக்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே வந்திருக்கினம், அவையிடம் சொன்னால் இயக்கத்தோடு கதைத்து எடுத்துத் தருவினம் என்று. எடுத்தும் தந்திருக்கினம் தம்பி, பொய்யில்லை. பக்கத்துக் குறிச்சியில் ஒரு பெடியன் வந்து வீட்டு முற்றத்தில் நின்றதை நானே கண்டேன். தங்கேஸ் ஒருத்தருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் வந்த பிறகுதான் சொன்னாள். நல்ல காரியம்தான் செய்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பங்குனியில் வெள்ளை ஜீப் வந்தது. கடை வாசலிலேயே நின்றது. அன்றைக்கு என்று பார்த்துத் தங்கேஸ் களை பிடுங்கப் போயிருந்தாள். விதி என்று சொல்லுவார்கள், நான் விதி என்று சொல்லவில்லை, களை என்றுதான் சொல்லுவேன். மெசினில் வரித்துணி கிடந்தது. அவசரத்தில் இழுத்துக் காலுக்குக் கீழே தள்ளினேன். ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கினா. பின்னால் அவன். கண்ணாடி. அன்ரன் றெஜினோல்ட்.

சோடா உடைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா மெல்லமாகத்தான் கதைத்தா. நல்ல மனிசி. காலுக்குக் கீழே கிடந்த துணியைக் கண்டவ, ஆனால் காணாத மாதிரி இருந்தா. பெயர் கேட்டா, சொன்னேன். எங்கே வைத்து எடுத்தது என்று கேட்டா, சொன்னேன். பிறகு அவன் கேட்டான்:

"மகளின்ரை வயசு எத்தினை ஐயா?"

"பதினெட்டு நடக்குது," என்றேன்.

அவன் திரும்பி அந்த அம்மாவிடம் ஒரே ஒரு சொல் சொன்னான். "எய்ற்றீன்." எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் எண் தெரியும். அளவு நாடாவில் இருக்கிறதுதானே. எய்ற்றீன் என்றால் பதினெட்டு. 'நடக்குது' எங்கே? நடக்குது என்றதை அவன் விழுங்கிவிட்டான். அதற்கு இங்கிலீசில் ஒரு சொல் இல்லையோ தம்பி? நீங்கள் படித்த ஆள், சொல்லுங்கோ. இல்லாவிட்டால் அவன் இரண்டு சொல்லாகச் சொல்லியிருக்கலாம், மூன்று சொல்லாகச் சொல்லியிருக்கலாம். சம்பளம் வாங்குகிறவன்தானே.

அந்த அம்மா பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு கனநேரம் கதைத்தா. அவன் சுருக்கிச் சொன்னான்.

"ஐயா, பதினெட்டு வயசு ஆகாத பிள்ளையைச் சண்டைக்கு எடுக்கக் கூடாது எண்டு உலகச் சட்டம் இருக்கு. ஆகாத பிள்ளையெண்டால் நாங்கள் உரிமையோட கேக்கலாம், விடத்தான் வேணும். பதினெட்டு ஆயிட்டுதெண்டால் அவ பெரிய ஆள். அவ விரும்பிச் சேர்ந்தவ எண்டு அவை சொன்னால் எங்களாலை ஒண்டும் செய்ய ஏலாது. எங்களுக்கும் கவலைதான்."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதென்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உலகம் முழுக்க ஆக்கள் மேசையைச் சுற்றியிருந்து என்ரை பிள்ளைக்காக ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கினம். நினைக்க ஒரு மாதிரி இருந்தது. நான் உடனே சொன்னேன், "இல்லைத் தம்பி, பதினேழு முடிஞ்சுதான் பதினெட்டு நடக்குது" என்று. சொன்னேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் எழும்பிவிட்டார்கள். எழும்பின ஆக்களை மறித்துச் சொன்ன வயதை மாற்றினால் என்ன நினைப்பினம்? பிள்ளையை எடுக்கிறதுக்காகப் பொய் சொல்லுறான் என்றுதானே? நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. ஜீப் போய்விட்டது. சோடா அரைவாசி மிச்சம்.

தங்கேஸ் வந்தாள். கையெல்லாம் சேறு. கழுவக்கூட இல்லை.

"வந்தவையோ? என்ன கேட்டவை?"

"எல்லாம் கேட்டவை. வயசும் கேட்டவை."

"எத்தினையெண்டு சொன்னனீங்கள்?"

"பதினெட்டெண்டு."

அவள் அப்படியே நின்றாள். "பதினெட்டோ? நடக்குதெண்டு சொன்னனீங்களோ?"

"அதை வாய்விட்டுச் சொல்ல வேணுமே? ஆருக்குத் தெரியாது?"

"இஞ்சாருங்கோ. நடக்குதெண்ட சொல்லைச் சொன்னனீங்களோ, இல்லையோ?"

அவளுக்கு எப்போதும் இப்படித்தான், ஒரு நூலைப் பிடித்தால் முழுச் சட்டையும் பிரியும் வரைக்கும் இழுப்பாள். சொன்னேன்தான். சொல்லியிருப்பேன். சொல்லாமல் எப்படி? ஆயுசு முழுக்க சொல்லுகிற சொல். சரி, ஒரு பேச்சுக்கு, நான் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கோ. அவன் தமிழ்ப் பெடியன்தானே? அவனுடைய வீட்டில் தாய் தகப்பன் இல்லையோ? ஒரு தகப்பன் பதினெட்டு என்றால் பதினேழு முடிந்தது என்று அவனுக்கு விளங்க வேண்டாமோ? அதற்குத்தானே தமிழ் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறது?

ஊசி எங்கே... இந்தா. கண் முன்னைப் போல இல்லை. கோர்த்துத் தாங்கோ தம்பி. நல்லது.

அடுத்த நாளே இரண்டு பேரும் அந்த நிறுவனத்துக்குப் போனோம். வழி முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. அங்கே போய் அவள்தான் கதைத்தாள். "பதினேழு அம்மா, புரட்டாதியிலைதான் பதினெட்டு முடியும்." அந்த அம்மா கவலையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தா. அவன் சொன்னான், "தகப்பன் பதினெட்டெண்டு சொன்னவர், இப்ப தாய் பதினேழெண்டுறீங்கள். குறைச்சுச் சொல்லுற தாய் தகப்பன் கனபேர் அம்மா. பிள்ளையள் மேலை உள்ள பாசத்திலைதான், நாங்கள் பிழை சொல்லேல்லை. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்கோ."

பிறப்புச் சான்றிதழ் கிளாலிக் கடலுக்குள் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஓடி வந்தபோது, வள்ளத்தில் ஒரு பெட்டி விழுந்தது. எங்கட பெட்டி. மெசினைக் காப்பாற்றினேன். அதனால்தான் இன்றைக்கு உங்கட காற்சட்டை தைபடுகிறது.

"அப்ப பள்ளிக்கூடத்திலை கேட்டு வாங்கோ," என்றார்கள். போனோம். அங்கே என்ன இருக்கிறது தெரியுமோ? அவள் ஒரு வயது மூத்தவளாக இருக்கிறாள். அந்த ஓட்டத்தில் மழைக்குள்ளே வந்து சேர்ந்து, கொட்டில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தபோது வாத்தியார் வயது கேட்டார். ஒன்பது என்றேன். அவர் அந்த வருஷத்தில் ஒன்பதைக் கழித்துப் பிறந்த வருஷத்தை எழுதிவிட்டார். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற பிள்ளை. வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமோ? படித்த மனிசன். ஒவ்வொருத்தரும் இப்படித்தான் தம்பி, நான் சரியாகச் சொல்லுவேன், அவை பிழையாக எழுதுவினம்.

பள்ளிக்கூடத்து வாசலில் தங்கேஸ் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் முன்னம் கேட்டதில்லை. "எட்டு வயசிலையே குடுத்துப்போட்டீங்கள்," என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கதிரொளியிடமும் போனேன். அவர் மூட்டை கொண்டுவந்தபோது கையைப் பிடித்துக் கேட்டேன். "என்னண்ணை," என்றார், "நீங்களே அவையிட்டைப் பதினெட்டெண்டு சொல்லியிருக்கிறியள். பதினெட்டுக்குக் குறைஞ்ச ஆக்களை நாங்கள் வைச்சிருக்கிறேல்லை. அப்படிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறம்." நான் மூட்டையை அவிழ்த்தேன். இடுப்பெல்லாம் சின்ன அளவு. அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வேலையும் போயிருக்கும், பிள்ளையைப் பற்றிக் காதில் விழுகிற கதையும் நின்றிருக்கும்.

பிறகு பிறப்புப் பதிவு வைத்திருக்கிற அரசாங்கக் கந்தோருக்கு, யாழ்ப்பாணத்துக் கச்சேரிக்கு அலைச்சல். பதிவுப் புத்தகம் அந்த வருஷத்தது எங்கேயோ இடம்பெயர்ந்து போய்விட்டதாம். எங்களைப் போலத்தான். தேடுகிறோம், பிறகு வாங்கோ. ஒவ்வொரு முறையும் இயக்கம், ஆமி இரண்டு பக்கத்துச் சோதனையும் தாண்டிப் போய், "பிறகு வாங்கோ" என்றதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். தங்கேஸ்தான் போய் வந்தாள். எனக்குக் கடை.

ஆடி மாதம் அது நடந்தது. இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் சொன்னது என்று நினைக்கிறேன்.

கதிரொளி வரவில்லை. இயக்கத்தில் இருந்து ஒரு பெண்பிள்ளை வந்தா, தலையைப் பின்னிக் கட்டியிருந்தா. திருத்த வேலை என்று கொஞ்சச் சட்டை தந்தா. கை குறைக்கிறது, இடுப்புப் பிடிக்கிறது. கடைசியில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தா.

"இது ஒரு பிள்ளையின்ரை. இடது தோளை அரை அங்குலம் இறக்கட்டாம் ஐயா. ஏனெண்டு கேட்டன். தைக்கிற ஆளுக்கு விளங்குமாம்."

மெசின் சில்லைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "எங்கை பிள்ளை அவள்? நல்லா இருக்கிறாளோ?" என்றேன். அந்தப் பெண்பிள்ளை என்ரை முகத்தைப் பார்த்தா, சுவரில் தொங்கின சுகிர்தாவின் படத்தைப் பார்த்தா, விளங்கிவிட்டது. "எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா, தைச்சுத் தாங்கோ," என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றா. அழுதாவோ என்னவோ, பின்பக்கம்தான் தெரிந்தது.

தைத்தேன். என்ரை வாழ்நாளில் அப்படி ஒரு தோள் நான் தைத்ததில்லை. பிரித்து, இறக்கி, அளந்து, திரும்பப் பிரித்து. வரித்துணி முரடு, கழுத்தில் உரசும் என்று உள்ளுக்குப் பழைய வேட்டித் துண்டு ஒன்று வைத்துத் தைத்தேன். கையில் இரண்டு அங்குலம் உள்ளுக்கு மடித்து விட்டேன். வளர்ற பிள்ளை.

தங்கேஸ் யாழ்ப்பாணத்தால் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். நல்ல செய்திதானே? பிள்ளை உயிரோடு இருக்கிறாள், எங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எங்கை அந்தச் சட்டை?"

"தைச்சுக் குடுத்திட்டன்."

"நீங்களோ? உங்கட கையாலையோ?"

"வேறை ஆர் தைச்சால் அந்தத் தோள் சரிவரும்?" என்றேன்.

அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்ரை மெசினில் தைத்த ஒரு சட்டையும் அவள் போட்டதில்லை தம்பி. தானே இருந்து கையூசியால் தைக்கிறாள். கை கோணல், தையல் கோணல். தையல்காரன் பெண்சாதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன கோபம் என்று கேட்டாலும் சொல்லமாட்டாள். பிள்ளை ஒரு உதவி கேட்டது, தகப்பன் செய்தேன். இதில் என்ன பிழை?

புரட்டாதி வந்தது. அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அன்றைக்குத் தங்கேஸ் பொங்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, நாள் முழுக்க வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஐப்பசியில் கச்சேரியால் சான்றிதழ் வந்தது. சரியான வருஷம், சரியான திகதி, முத்திரையெல்லாம் குத்தி. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வெள்ளைக்கார அம்மா மாறிப் போய்விட்டா. அவனும் இல்லை. புதிதாக ஒரு ஐயா. வாசித்துவிட்டு, "நீங்கள் சொன்னது உண்மைதான்," என்றார். "எடுக்கேக்கை அவ பிள்ளைதான். எடுத்தது குற்றம்தான். ஆனால் இப்ப பதினெட்டு முடிஞ்சுது அம்மா. குற்றம் நடந்ததெண்டு எழுதி வைக்கிறம். இனி வற்புறுத்திக் கேக்க எங்களுக்கு வழியில்லை."

தங்கேஸ் கேட்டாள், "அப்ப அந்தச் சட்டம் புரட்டாதியோட முடிஞ்சுதோ ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிசன்தான். எல்லாரும் நல்ல மனிசர் தம்பி. அதுதான் எனக்கு விளங்காத விஷயம். நான் ஒரு கெட்ட மனிசனையும் காணவில்லை, அந்த அன்ரன் றெஜினோல்டைத் தவிர.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சண்டை திரும்பத் தொடங்கியது, பாதை பூட்டியது, வெள்ளை ஜீப்புகள் ஒருநாள் வரிசையாகத் தெற்குப் பக்கம் போயின. சனம் வீதியை மறித்துப் போகவேண்டாம் என்று கும்பிட்டது. நாங்களும் நின்றோம். பிறகு ஓட்டம். பிறகு கம்பி வேலி போட்ட முகாம். பிறகு திரும்பவும் இந்தச் சந்தி. எங்கேயெல்லாமோ கேட்டோம். கண்ட ஆக்கள் இல்லை. இடது தோள் பதிந்த பிள்ளை என்று சொல்லிக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெரியாத மாதிரி அல்லவோ நான் தைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தவ. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற அலுவலகமாம். சின்னப் பிள்ளை, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பா. இதே வாங்கில்தான் இருந்தா. தங்கேஸ் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்தத் தூணோடு நின்றாள். பெயர் கேட்டா, சொன்னோம். வயது கேட்டா.

நான் சொன்னேன், "முப்பத்தொன்பது நடக்குது."

அந்த நேரத்திலேயே தங்கேஸ் சொன்னாள், "பதினேழு."

அந்தப் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. எழுத வந்த கை நின்றுவிட்டது. "ஐயா, எதை எழுத?" என்றா. நான் விளங்கப்படுத்தினேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே முதலில் இருந்து, எங்கட வழக்கம், முடிந்தது, நடக்கிறது எல்லாம். இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. நடக்குது, நடக்குது என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னேன். அந்தப் பிள்ளையும் தலையாட்டிக் கேட்டா.

தங்கேஸ் தூணை விட்டு வந்து, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அவவின் முழங்காலில் கையை வைத்தாள்.

"முடிஞ்ச வயசை எழுது பிள்ளை," என்றாள். "என்ரை பிள்ளைக்கு முடிஞ்ச வயசு பதினேழு. அதை எழுது."

பார்த்தியளோ? முடிந்த வயது ஆருக்குச் சொல்லுகிறது என்று அவளுக்குத் தெரியாதோ? என்ரை அம்மாவோடு இருந்து பழகினவள்தானே? கணக்குத் தெரியாத மனிசி தம்பி. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை.

இந்தாங்கோ காற்சட்டை. தையல் தெரிகிறதோ? தெரியாது. கிழிந்த காலை அடியிலும் பிரித்துத்தான் தைத்தேன், இரண்டு அங்குலம் உள்ளுக்கு மடித்து விட்டிருக்கிறேன். உங்களுக்கு இனி வளர்த்தி இல்லை, தெரியும். கை கேட்காது.

பஸ் இரைகிறது. முன்னுக்கு ஏறுங்கோ, அந்தத் தகரத்துக்குக் கிட்டப் போகாதேங்கோ. சாரத்தை அதில் போட்டுவிட்டு ஓடுங்கோ. போகிற இடத்தில் ஆரும் வயது கேட்டால் முப்பத்திமூன்று என்று சொல்லுங்கோ. நடக்கிறதைச் சொல்லுங்கோ தம்பி. நடக்கிறதைச் சொல்லுங்கோ.